பென்சிலுக்கு முன்னே

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் பாலர் பள்ளியின் வாயிலில் அழுகுரல் கேட்கத் தொடங்கிவிடும். அன்னையின் சேலைத் தலைப்பை விட மறுக்கும் மழலைகளை ஆசிரியைகள் தூக்கிச் செல்வர். அவ்வழுகை ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அதன்பின் தொடங்குவது பெற்றோரின் கவலை. "சாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுது. எங்க பிள்ளை பென்சிலையே தொட மாட்டேங்குது" என்று பங்கு இல்லத்திற்கு வந்து முறையிடும் தாய்மார் ஆண்டுதோறும் உண்டு.

அவர்களுக்கு நாம் விடையாகக் காட்டுவது மணிக்கட்டை. அங்கே எட்டுச் சிறு எலும்புகள் அமைந்துள்ளன. மூன்று வயதில் அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை குருத்தெலும்பாகவே இருக்கும். விரல்களை இயக்கும் தசைகளும் அப்போது முதிர்ந்திரா. அத்தகைய கையிற் பென்சிலைத் திணித்து ஏடு ஏடாக நிரப்பச் சொல்லுவது, நடை பழகாத பிள்ளையை மலையேறச் சொல்லுவதை ஒக்கும்.

அக்கைக்கு வேலையே வேண்டாவா? நிறைய வேண்டும். சப்பாத்தி மாவில் ஒரு கவளம் கொடுங்கள். உருட்டட்டும், தட்டட்டும், பாம்பு செய்யட்டும். மொச்சையும் பட்டாணியும் உரிக்கட்டும். நனைந்த சிறு துணியைப் பிழியட்டும். பழைய செய்தித்தாளை விரலாற் கிழித்து, கஞ்சிப் பசை தடவி, நீங்கள் வரைந்து கொடுத்த மீனின் உடலை நிரப்பட்டும். கத்தரிக்கோல் பிறகு வரட்டும். தென்னோலையிற் காற்றாடி செய்யத் தெரிந்த தந்தையர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாலையிற் கால் மணி நேரம் கைப்பேசியைக் கீழே வைத்தாற் போதும்.

எழுத்துக்கு மணலே முதற் பலகை. இது நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே பழகினர். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆன்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர் அதனைக் கண்டு தம் பள்ளியிற் புகுத்தினார். பின்னர் இங்கிலாந்திலும் பரப்பினார். இங்கிருந்து கப்பலேறிப் போன முறையை நாமோ நாகரிகக் குறைவென்று கைவிட்டோம்! 1907இல் ரோமையின் ஏழை மக்கள் பகுதியொன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரல்கள் தடவிப் பார்க்கச் செய்தார். 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

கைக்கு அடுத்தது செவி. 'மானா' என்பது எழுத்தின் பெயர். 'ம்' என்பதே அதன் ஒலி. பெயரை மட்டும் ஒப்பிக்கும் பிள்ளை, 'மணி', 'மாடு' இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குவதை உணராது. "ம் என்று தொடங்குவது இந்த அறையில் எது?" என்று கேட்டு விளையாடுங்கள். மேசை என்னும், மெழுகுதிரி என்னும். 'வாளப்பளம்' என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. கண்ணாடி முன் அமர்த்தி, உங்கள் நாக்கு எவ்வாறு மடிகிறதென்று காட்டுங்கள்.

மாண்டிசோரி அம்மையாரின் ஒலிப் பெட்டிகளை வீட்டிலேயே செய்யலாம். உள்ளிருப்பது தெரியாத ஒரே அளவுள்ள சிறு குப்பிகள் பன்னிரண்டு எடுத்து, ஆறுக்குச் சிவப்பு மூடியும் ஆறுக்கு நீல மூடியும் இடுங்கள். ரவை, மணல், அரிசி, பயறு, புளியங்கொட்டை, கூழாங்கல் என ஒவ்வொன்றையும் இரு நிறத்திலும் ஒவ்வொரு குப்பியில் இட்டு, மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள். குன்றிமணி மட்டும் வேண்டா. அதன் பருப்பு கொடிய நஞ்சு. பிள்ளை குப்பிகளைக் காதருகே ஆட்டி இணை சேர்க்க வேண்டும். அவ்வளவே விளையாட்டு.

இவ்விளையாட்டினால் நாம் தலை குனிந்ததும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, அழைத்தால் திரும்பாள், சொன்னதைச் செய்யாள். "பிடிவாதக்காரி, செல்லம் அதிகம்" என்று அவள் தாயிடம் நாமே கூறிவிட்டோம். ஒலிக் குப்பிகளை ஆடுகையில் கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் அவள் தவறாமற் சேர்த்தாள். ரவைக் குப்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்ல" என்று தள்ளிவைத்தாள். மணற் குப்பிக்கும் அதே விடை. ஆசிரியை ஐயுற்று அவள் காதைப் பார்த்தார், சீழ் கோத்திருந்தது. "பிள்ளைகளுக்குக் காது வடியறது வழக்கந்தானே, சாமி. எண்ணெய் ஊத்திட்டுத்தான் இருக்கோம்" என்றார் பாட்டி.

அரசு மருத்துவமனையிற் காது மருத்துவர் முதலில் தடுத்தது அந்த எண்ணெயைத்தான். இரு காதுகளிலும் நடுச்செவி அழற்சி. மெல்லிய ஒலிகள் எட்டவில்லை. சிகிச்சை பல மாதம் நீடித்தது. அதுவரை அவளை முன்வரிசையில், ஆசிரியையின் முகம் தெரியும் இடத்தில் அமர்த்தினோம். அவள் தாயிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அன்று தொட்டு நம் பள்ளியில் ஜூன் மாதத்தின் முதல் இரு வாரங்களுக்கு ஏடும் பென்சிலும் அலமாரியில் இருக்கும். குப்பிகள் வெளியே இருக்கும்.