சொல்லாமல் நிற்கும் சொல்



பட்டப்படிப்பை முடித்துவிட்டு வங்கித் தேர்வு, இரயில்வே தேர்வு, ஆட்சிப் பணித் தேர்வு என்று ஏதேனும் ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இன்று நம் பங்குகளில் பலர். பெற்றோர் நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டுகின்றனர். பிள்ளைகளோ இரவு பதினொரு மணி வரை விளக்கின் கீழ் அமர்ந்திருக்கின்றனர். கணிதத்தில் தேறியவர்களும், ஆங்கிலத்தில் தேறியவர்களும் இடறி விழுகிற வினாவகை ஒன்று இத்தேர்வுகளில் உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, அதன் கீழே இரண்டு அல்லது மூன்று எடுகோள்களையும் கொடுத்து, அவற்றுள் எது அக்கூற்றில் மறைந்து கிடக்கிறது என்று கேட்பார்கள். இடறலுக்கு விலையும் உண்டு. வங்கி அதிகாரித் தேர்வில் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு கழிக்கப்படுகிறது. ஆட்சிப் பணி முதனிலைத் தேர்விலோ மூன்றில் ஒரு பங்கு. இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே இங்குக் காண்போம்.

முதலில் ஓர் எளிய எடுத்துக்காட்டு. கூற்று: “நாளை குழாயில் நீர் வராது, வேண்டிய நீரை இன்றே பிடித்து வைத்துக்கொள்ளவும் என்று பேரூராட்சி அறிவித்தது.” எடுகோள் ஒன்று: மக்களிடம் நீரைச் சேமித்து வைக்க வழி உண்டு. எடுகோள் இரண்டு: அவ்வூரில் தண்ணீர்ப் பஞ்சம் நிலவுகிறது.

நம் பிள்ளைகளிற் பலர் இரண்டையும் சரியென்று குறிப்பர். கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்க்கு, குழாயில் நீர் வராது என்றவுடன் பஞ்சம்தானே நினைவுக்கு வரும்! ஆனால் தொட்டியைக் கழுவுவதற்காகவும் நீரை நிறுத்தியிருக்கலாம். குழாய் உடைந்தும் இருக்கலாம். பஞ்சம் இல்லாத ஊரிலும் இவ்வறிவிப்பு பொருளுடையதே. முதல் எடுகோளின் நிலை அவ்வாறன்று. ஒரு வீட்டிலும் குடமோ தொட்டியோ இல்லையென்றால் “பிடித்து வைத்துக்கொள்ளவும்” என்று சொல்வதில் பொருளே இல்லை. ஆகவே முதலாவது மறைந்து நிற்கிறது. இரண்டாவது நாமே கொண்டுபோய்ச் சேர்த்தது.

கடைகளில் விற்கும் தமிழ் வழிகாட்டி நூல்கள் சில இந்த எடுகோளை ‘அனுமானம்’ என்று மொழிபெயர்த்திருப்பது பிள்ளைகளின் குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. நம் பழைய அளவை நூல்களில் அனுமானம் என்பது வேறு. மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று துணிவதே அனுமானம். அது கண்டதிலிருந்து முன்னே செல்வது, அதாவது, முடிவு. எடுகோளோ கூற்றுக்குப் பின்னே கிடப்பது. பேசுபவர் வாயைத் திறப்பதற்கு முன்னரே மனத்துள் வைத்துக்கொண்டது எதுவோ அதுவே எடுகோள். முன்னே செல்வதையும் பின்னே கிடப்பதையும் ஒரே சொல்லால் அழைத்தால் பிள்ளை என் செய்யும்?

இதற்கு நெருங்கிய சொல் ஒன்று நம்மிடம் முன்பே உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் பற்பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை மணிமேகலைக்கு எடுத்துரைக்கின்றனர். அவர்களுள் அளவைவாதி அறிவு பெறும் வழிகளை வகுத்துக் கூறும்போது ‘அருத்தாபத்தி’ என்ற ஒன்றையும் சொல்கிறான். கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நாம் அதனைக் கங்கைக் கரையில் என்று கொள்கிறோம் அல்லவா, அதுவே அது. ஆற்றுநீரின் மேல் குடியிருக்க இயலாது. சொன்ன சொல் நிற்கவேண்டுமாயின், சொல்லாத ‘கரை’ உள்ளே இருந்தாக வேண்டும். பருத்த உடலுடையவன் பகலில் உண்பதில்லை என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்வதும் இவ்வகையே. இன்றைய தேர்வு வினாவின் உயிர்நாடி இதுதான்.

மேலை நாட்டு மரபிலும் இது பழைய செய்தியே. குருமடத்தில் தத்துவ இயல் பயில்வோர் தொடக்கத்திலேயே தருக்கம் கற்பர். எல்லா மனிதரும் இறப்பர்; சாக்ரட்டீஸ் மனிதர்; ஆகவே சாக்ரட்டீஸ் இறப்பார் என்பது அங்கே எல்லோர்க்கும் மனப்பாடம். ஆனால் சந்தையிலும் வீட்டிலும் எவரும் இவ்வாறு மூன்று படியாகப் பேசுவதில்லை. “சாக்ரட்டீஸும் மனிதர்தாமே, இறக்காமல் இருப்பாரா?” என்றுதான் கேட்பர். ஒரு படி விழுங்கப்பட்டுவிடுகிறது. இவ்வாறு படி குறைந்த வாதத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் எழுதினார். ‘என்தைமீம்’ என்பது அதன் பெயர். விழுங்கிய படி உண்மையாயிருக்கும் வரை கேடில்லை. பொய்யாயிருந்தாலும் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அங்கேதான் இடர்.

அப்படியானால் மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? பயிற்சி ஆசிரியர்கள் கற்பிக்கும் வழி, மறுத்துப் பார்த்தல். சுவரிலிருந்து ஒரு கல்லை உருவினால் சுவர் சரிந்தால், அது தாங்குகிற கல். உருவியும் சுவர் நின்றால், சும்மா கிடந்த கல். எடுகோளை மறுத்துச் சொல்லிப் பாருங்கள். கூற்று சரிந்தால் அது மறைந்து நின்றதே.

கேட்பதற்கு எளிதாயிருக்கும் இவ்வழியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு குழி உண்டு. கூற்று: “வரும் ஞாயிறன்று இலவசக் கண் மருத்துவ முகாம் நடைபெறும், முதியோர் வந்து பயன்பெறுமாறு வேண்டுகிறோம்.” எடுகோள்: முதியோர் எல்லோரும் முகாமுக்கு வருவர். இதனை மறுத்தால் என்ன வரும்? “எல்லோரும் வரமாட்டார்கள்” என்று எழுதுகிறார்கள். இத்தமிழ் வாக்கியத்துக்கோ இரண்டு பொருள். ஒருவருமே வரார் என்பது ஒன்று. வராதவரும் சிலர் இருப்பர் என்பது மற்றொன்று. முதற்பொருளைக் கொண்டால் முகாம் நடத்துவதே வீண். ஆகவே எடுகோள் மறைந்து நிற்கிறது என்று பிள்ளை குறித்துவிடும். அது தவறான விடை. ‘எல்லோரும்’ என்பதன் மறுப்பு ‘ஒருவருமில்லை’ என்பதன்று. ‘சிலர் இல்லை’ என்பதே. சில முதியோர் வாராதிருந்தாலும் முகாம் நடக்கும். ஆகவே அவ்வெடுகோள் தேவையற்றது. ‘எப்போதும்’ என்பதன் மறுப்பும் ‘ஒருபோதுமில்லை’ அன்று. ‘சில வேளை இல்லை’ என்பதே. வங்கி எழுத்தர் தேர்வுகளை ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு 13 மாநில மொழிகளிலும் நடத்துமாறு நடுவண் நிதி அமைச்சகம் 2021-இல் பரிந்துரைத்தது. தமிழிலேயே தேர்வு எழுத வாய்ப்புள்ள நம் பிள்ளைகள் இந்த ஒரு நுட்பத்தை மட்டுமாவது தெளிவாகக் கற்றுக்கொள்வது நலம்.

மற்றொரு குழி நல்ல மனத்தால் வருவது. “ஆங்கில வழி வகுப்பைத் தொடங்கினால் மாணவர் எண்ணிக்கை பெருகும் என்று பள்ளி நிர்வாகம் கருதுகிறது” என்பது கூற்றாயின், ஆங்கில வழிக் கல்வியை விரும்பும் பெற்றோர் உளர் என்பது மறைந்து நிற்கும் எடுகோள். தமிழ் வழியைவிட ஆங்கில வழியே சிறந்தது என்பது அன்று. தமிழ்ப்பற்றுள்ள பிள்ளைக்கு இங்கே சினம் எழுகிறது. சினத்தோடு விடை குறிக்கிறது. எது உண்மை, எது நியாயம் என்று தேர்வு நம்மைக் கேட்கவில்லை. பேசுபவர் எதனை நம்பிப் பேசுகிறார் என்றே கேட்கிறது. நாம் உடன்படாத ஒருவரின் மனத்துள் புகுந்து பார்க்கும் பொறுமை வேண்டும். அது தேர்வு அறைக்கு மட்டும் வேண்டிய பொறுமையன்று.

இவ்வளவும் வெறும் மதிப்பெண் விளையாட்டு என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்கள் பல, உடலெங்கும் துளைகளோடு தளம் திரும்பின. எல்லாப் பகுதிக்கும் கவசத் தகடு பொருத்தினால் விமானம் பறக்கமுடியாத அளவுக்குக் கனத்துவிடும். எங்கே பொருத்துவது? துளைகள் மிகுந்த இடத்தில் என்றே எவரும் சொல்லுவர். நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவில் பணியாற்றிய ஆபிரகாம் வால்டு 1943-இல் எழுதிய குறிப்புகளில் இக்கணக்கை வேறு விதமாக அணுகினார். “துளை மிகுந்த இடத்தில் கவசம்” என்ற வாதத்துக்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. திரும்பி வந்த விமானங்கள், அடிபட்ட எல்லா விமானங்களையும் போன்றவையே என்பதே அது. திரும்பாத விமானங்களை எண்ணிப் பார்த்தாரா எவரேனும்? குண்டு எங்கும்தான் பாய்ந்திருக்கும். திரும்பியவற்றில் துளை குறைவாயுள்ள பகுதி, அடிபட்டால் திரும்பவே முடியாத பகுதியாகும். கவசம் வேண்டுவது அங்கேயே. பிற்காலத்தார் இக்கதையை மெருகேற்றிச் சொல்வதுண்டு. ஆயினும் வால்டின் குறிப்புகள் 1980-இல் மறுபதிப்பாக வெளிவந்துள்ளன. யூதராகிய வால்டு 1902-இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1938-இல் அமெரிக்கா சென்றவர். சொற்பொழிவாற்ற இந்தியா வந்திருந்தபோது, 1950 டிசம்பரில், நம் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியோடு மாண்டார்.

இனி வீட்டுக்குள் வருவோம். பங்கு மன்றத்தில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம், வீட்டில் கேட்ட ஒரு வாக்கியத்தை எழுதி அதன் எடுகோளைக் கண்டுபிடித்து வாருங்கள் என்று சொல்வதுண்டு. ஒரு பெண் எழுதி வந்தாள்: “தம்பிக்குப் பயிற்சிக் கட்டணம் கட்டுவோம், இவள் எப்படியும் வேறு வீட்டுக்குப் போகிறவள்.” அதன் கீழே அவள் கண்டுபிடித்த எடுகோள்: மணமான மகளின் வருவாய் பெற்றோர்க்குப் பயன்படாது. மறுத்தும் பார்த்திருந்தாள். மணமான பின்னும் பெற்றோரைத் தாங்குகிற மகள்கள் உண்டு. ஆகவே வாக்கியம் நிற்கவில்லை. அதனோடு நில்லாமல் இரண்டாவதாக ஒன்றையும் எழுதியிருந்தாள்: பெற்றோர்க்குப் பயன்படுவதற்காகவே ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கவேண்டும். தேர்வில் இத்தனை நுட்பமான வினாவை நாம் கண்டதில்லை.

மகளே அத்தாளைத் தந்தையிடம் காட்டினாள். அவர் சில நாள் கழித்து நம்மைக் காண வந்தார். “சாமி, நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. இருவருக்கும் கட்டப் பணமில்லை; அதைச் சொல்ல வாய் வரவில்லை” என்றார். எத்தகைய வேறுபாடு பாருங்கள்! முதல் வாக்கியத்துக்கு எவராலும் பரிகாரம் செய்ய இயலாது. பணமில்லை என்பதற்கோ வழி தேடலாம். தம்பியின் புத்தகங்களைப் பகலில் அக்காளும் படிப்பது, பழைய வினாத்தாள்களை மன்றத்திலிருந்து எடுத்துச் செல்வது, கட்டணத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு மாற்றிக் கட்டுவது என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டனர். யார் தேறுவர் என்பது இனிமேல்தான் தெரியும். தாளைத் திருத்தியவர் என்ற முறையில் அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தோம்.

இல்லங்களில் இரவு உணவுக்குப்பின் பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பார்க்க இம்மாதம் ஒரு வினா தருகிறோம். நாம் பலமுறை கேட்ட வாக்கியம் இது, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கூற்று: “ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் நம் பையன் குடியை விட்டுவிடுவான் என்று பெற்றோர் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினர்.”

எடுகோள் 1: மனைவியின் வருகை அவனது பழக்கத்தை மாற்ற வல்லது. எடுகோள் 2: குடிப்பழக்கம் உடலுக்குத் தீங்கானது. எடுகோள் 3: அவன் குடிப்பதை அறிந்தபின்னும், அல்லது அறியாமலேனும், பெண் கொடுக்க ஒரு வீட்டார் முன்வருவர்.

இரண்டாவது உண்மைதான், ஆயினும் விடையன்று. முதலாவதையும் மூன்றாவதையும் ஒவ்வொன்றாக மறுத்துப் பாருங்கள். மூன்றாவதில் ‘அறிந்தபின்னும்’, ‘அறியாமலேனும்’ என்ற இரண்டையும் பிரித்து, எதனை நம்பி அப்பெற்றோர் புறப்பட்டனர் என்பதையும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.