மூச்சோடு நகரும் கட்டியும் கேமரா வழக்கும்

நுரையீரலில் உள்ள புற்றுநோய்க் கட்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. மூச்சு விடும்போதெல்லாம் அதுவும் நகர்கிறது. சிலருக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகரும். கதிர்வீச்சு குறி தவறினால் பக்கத்தில் உள்ள நல்ல திசு பாதிக்கப்படும். இந்தச் சிக்கலைச் சமாளிக்க ஒரு கேமராவும் கம்ப்யூட்டரும் உதவுகின்றன.

எப்படி வேலை செய்கிறது?

நோயாளியின் மார்பு அல்லது வயிற்றின் மேல், ஒளியைத் திருப்பி அனுப்பும் புள்ளிகள் கொண்ட சிறு பெட்டியை வைக்கிறார்கள். அகச்சிவப்புக் கேமரா அந்தப் புள்ளிகளைக் கவனிக்கிறது. பெட்டி ஏறி இறங்குவதை சாஃப்ட்வேர் அலைக்கோடாகத் திரையில் வரைகிறது. மூச்சின் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் கதிர் பாயும். மற்ற நேரத்தில் தானாக நின்றுவிடும். கேமரா கட்டியைப் பார்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். உடலின் மேல் தெரியும் அசைவையும் முன்பே எடுத்த ஸ்கேன் படங்களையும் வைத்துத்தான் கட்டியின் இடம் கணிக்கப்படுகிறது.

வழக்கு என்ன?

நோயாளியின் அசைவைக் கேமராவால் கண்காணிக்கும் முறைக்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1996-ல் விண்ணப்பித்து, 1998-ல் காப்புரிமை பெற்றது. வேரியன் நிறுவனத்தின் கருவி அதை மீறுவதாக 2007-ல் வழக்குத் தொடர்ந்தது. உரிமையில் பங்குள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வழக்கில் சேராததால் அது தள்ளுபடியானது. மீண்டும் வழக்குப் போட முடியாதபடி தள்ளியது தவறு என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அடுத்த வழக்கில் பல்கலைக்கழகம் வென்றது. வேண்டுமென்றே மீறியதாகக் கூறி இழப்பீட்டை இரட்டிப்பாக்கினார்கள். 2012-ல் மொத்தத் தொகை 10 கோடி டாலரைத் தாண்டியது.

மேல்முறையீட்டில் சாஃப்ட்வேர்

‘இந்த வேலையைச் செய்யும் சாதனம்’ என்று காப்புரிமையில் பொதுவாக எழுதினால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தச் சாதனம் கம்ப்யூட்டர் என்றால், அது எந்தப் படிமுறையில், அதாவது அல்காரிதத்தில், வேலை செய்கிறது என்று விவரிக்க வேண்டும். உரிமையும் அந்த வழிக்கும் அதற்குச் சமமான வழிகளுக்கும் மட்டுமே. இதனால்தான் ஒவ்வொரு சொல்லின் பொருளுக்காகவும் வாதாடினார்கள்.

2014 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மீறல் நடந்தது என்ற முடிவின் பெரும்பகுதி நிலைத்தது. ஒரு கோரிக்கைக்குக் கீழ் நீதிமன்றம் கொடுத்த பொருள் தவறு என்றானது. வேண்டுமென்றே மீறியதாகச் சொன்னதும் ரத்தானது. அதனால் இரட்டிப்பு இழப்பீடும் போனது. அதே ஆண்டில் சுமார் 3.5 கோடி டாலருக்கு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆகவே 2016-ல் இதுவும் முடிந்தது. அந்தக் காப்புரிமையில் விவரித்த முறையை இன்று யாரும் உரிமத் தொகை இல்லாமல் பயன்படுத்தலாம்.