பதக்கம் வந்தது, நம்பிக்கை வந்ததா?

மாட்டுங்கா லேபர் கேம்பில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் மட்டைதான். ஆனால், அங்குள்ள பெரியவர்களிடம் ஆக்கியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது தன்ராஜ் பிள்ளையின் பெயர். அடுத்து வருவது, ஆக்கிச் சங்க நிர்வாகத்தின் மீது வசவு!

தன்ராஜ், புனே கட்கியில் பிறந்த தமிழர். மும்பையில் மகீந்திரா அணியில் ஆடியவர். மாட்டுங்கா ரோட்டில் மின்சார ரெயில் ஏறினால் சர்ச்கேட்; அருகிலேயே மகீந்திரா ஆக்கி ஸ்டேடியம். நான்கு ஒலிம்பிக்கில் ஆடியவரை 'நம்ம பையன்' என்று சொல்லிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம். பரிசு என்ன தெரியுமா? தன்ராஜ் உள்ளிட்ட மூத்த ஆட்டக்காரர்களுக்கு 'ஓய்வு'; பயிற்சியாளர் கவுசிக்கும் நீக்கம். ரசிகர்களின் மனம் அன்றே முறிந்தது.

2008 மார்ச்சில் சிலி நாட்டின் சான்டியாகோ நகரில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, 80 ஆண்டுகளில் முதல்முறையாக ஒலிம்பிக் வாய்ப்பையே இழந்தது இந்தியா. அடுத்த மாதமே, ஆட்டக்காரர் தேர்வுக்காகச் சம்மேளனச் செயலாளர் பணம் வாங்கியதாகத் தொலைக்காட்சியில் காட்சி ஓடியது. அவர் விலகினார். சம்மேளனம் சஸ்பெண்ட் ஆனது. அந்தச் செயலாளரும் தமிழரே. தன்ராஜைச் சொல்லி மார்தட்டியவர்கள் இவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாறிய மேஸ்திரிகள்

2009-ல் 'ஆக்கி இந்தியா' என்ற புது அமைப்பு பிறந்தது. மறு ஆண்டு ஜனவரியிலேயே, பணம் தரவில்லை என்று புனே முகாமில் ஆட்டக்காரர்கள் பயிற்சியை நிறுத்தினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 12 அணிகளில் கடைசி இடம். 2009-க்கும் 2017-க்கும் இடையே பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ் என்று ஐந்து வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள். வீடு கட்டும்போது மேஸ்திரியை மாற்றிக்கொண்டே இருந்தால் சுவர் எழும்புமா?

2018-ல் ஒடிசா அரசு செலவை ஏற்றது. 2019-ல் வந்த கிரகாம் ரீடை மாற்றாமல் விட்டார்கள். 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுக்குப் பின் பதக்கம்! 2023-ல் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் சறுக்கி, ரீட் விலகினார். ஆனால், 1998-ஐப் போல அணியைக் கலைக்கவில்லை. பெரும்பாலும் அதே பையன்களை வைத்து, புதிய பயிற்சியாளர் புல்டன் 2024 பாரீஸிலும் வெண்கலம் வாங்கித் தந்தார். இதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மும்பைக்கு இல்லை

ஆனால், லீக் ஆட்டத்தில் குறை தீரவில்லை. 2013-ல் 'மும்பை மேஜிசியன்ஸ்' வந்தது. அடுத்த ஆண்டோடு போனது. 2015-ல் 'தபாங் மும்பை' வந்தது. 2017-ல் அது இறுதி ஆட்டம்வரை போனதும் லீக்கே நின்றது. 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியபோது ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். தமிழ்நாட்டுக்கு 'டிராகன்ஸ்' உண்டு. மும்பைக்கு ஒன்றும் இல்லை. லேபர் கேம்ப் ரசிகர் கை தட்டச் சர்ச்கேட் போக வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.