தொலைதூர எரிமலைகளைக் கண்காணிக்கும் ரேடார்

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. அது முன்னர் வெடித்ததாக எழுத்துப்பூர்வமான பதிவு எதுவும் இல்லை. சுமார் 14 கிலோ மீட்டர் உயரத்திற்கு எழும்பிய சாம்பல், செங்கடலையும் அரபிக் கடலையும் கடந்து மறுநாள் இரவு டில்லி வான்வெளியை எட்டியது. நம் நாட்டில் பல விமானப் பயணங்கள் ரத்து செய்யப்பட்டன. எரிமலைச் சாம்பல் ஜெட் எஞ்சினின் வெப்பத்தில் உருகி உள்ளே படிந்தால், எஞ்சின் நின்றுவிடக் கூடும். எனவே, எங்கோ ஒரு பாலைவனத்தில் உள்ள எரிமலையின் நிலையை அறிவது அவ்வட்டார மக்களுக்கு மட்டுமே உரிய தேவை அன்று.

தரைக் கருவிகளின் எல்லை

பாறைக் குழம்பு மேலேறும்போது சிறு நில அதிர்வுகள் தோன்றும், வாயுக்கள் வெளிப்படும், தரை சிறிது புடைக்கும். இவற்றை அளக்கும் கருவிகளை மலை மீதே நிறுவுவது வழக்கமான முறை. ஆனால், அதற்குச் சாலையும் மின்சாரமும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் வேண்டும். உலகில் வெடிக்கக் கூடிய எரிமலைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் போதிய தரைக் கருவிகள் இல்லை.

ரேடார் செயல்படும் விதம்

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது செயற்கைக் கோள் ரேடார். கோள் அனுப்பும் நுண்ணலைகள் தரையில் பட்டுத் திரும்புகின்றன. இரவும் மேகமும் அவற்றைத் தடுப்பதில்லை. ஏறக்குறைய அதே இடத்திலிருந்து சில நாட்கள் கழித்து மீண்டும் படம் எடுத்து, திரும்பி வந்த அலைகளின் கட்டங்களை ஒப்பிட்டால், இடைக்காலத்தில் தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். இத்தாலியின் எட்னா எரிமலை தணிந்து சுருங்கியதை இம்முறையில் அளந்த ஆய்வு 1995-இல் வெளியாயிற்று.

ஹைலி குப்பியிலும் இம்முறை பயன்பட்டது. 2025 ஜூலையில் அண்டையில் உள்ள எர்ட்டா ஆலே எரிமலை வெடித்தபோது, பாறைக் குழம்பு பூமிக்கடியில் ஹைலி குப்பியின் திசையில் ஊடுருவியதை ரேடார் படங்கள் காட்டின. எனினும் வெடிக்கும் நாளை அவற்றால் கூற இயலவில்லை. புடைத்த எரிமலைகள் யாவும் வெடிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்தோனேசியாவின் மெராபியில் 2010-இல் கிடைத்த பயன் இன்னும் நேரடியானது. மேகமும் சாம்பலும் மலையை மறைத்திருந்தபோது, அதன் முகட்டில் எரிமலைக் குழம்பு விரைந்து குவிவதை ரேடார் படங்கள் காட்டின. தரைக் கருவிகளின் அளவீடுகளோடு அவையும் சேர்ந்து, அபாயப் பகுதியை விரிவாக்கும் முடிவுக்குத் துணை நின்றன. உரிய நேரத்தில் மக்கள் வெளியேற்றப்பட்டதால் பல்லாயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

நமது நிலை

இந்தியாவில் செயல்படும் ஒரே எரிமலை, அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவில் இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னாள் போர்ட் பிளேர்) வடகிழக்கே சுமார் 140 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள இத்தீவில் மனிதர் வாழ்வதில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கியிருந்த எரிமலை 1991-இல் வெடித்தது. அதன் பின்னர் பலமுறை வெடித்துள்ளது.

இத்தகைய இடங்களுக்கு ஏற்ற கருவி இப்போது நம் கையில் உள்ளது. இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் கூட்டாக உருவாக்கிய நைசார் செயற்கைக் கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாட்களுக்கு ஒருமுறை அது அதே பாதைக்குத் திரும்புகிறது. அதன் எல் அலைவரிசையின் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர். ஆதலால், மரஞ்செடிகளை ஊடுருவித் தரையை எட்டுவதில் குறுகிய அலைகளைவிட அது சிறந்தது.

ஆயினும் சிக்கல்கள் உண்டு. வெப்ப மண்டலக் காற்றின் ஈரம் அலைகளைத் தாமதப்படுத்தி, தரை நகர்ந்தது போன்ற தோற்றத்தைத் தரலாம். ரேடார் அளப்பது ஓரிடத்துடன் ஒப்பிட்ட மற்றோர் இடத்தின் அசைவையே. சிறிய தீவில் முழு நிலமும் ஒருங்கே உயர்ந்தால், ஒப்பிடுவதற்கு அசையாத நிலம் அருகில் இராது. அன்றியும், 12 நாள் இடைவெளியில் நிலைமை முற்றிலும் மாறிவிடக் கூடும்.

ஆகவே, தரைக் கருவிகளுக்கு ரேடார் மாற்று அன்று, துணையே ஆகும். எந்த எரிமலைக்கு முதலில் கருவிகளையும் ஆட்களையும் அனுப்புவது என்று தீர்மானிக்க அது உதவும். கோளை ஏவும் செலவு ஒரு முறை ஏற்படுவது. படங்களை ஆராய்ந்து விமானப் போக்குவரத்து, கப்பல் துறை, பேரிடர் மேலாண்மை அதிகாரிகளுக்கு உடனுக்குடன் தெரிவிப்பது இடைவிடாத பணி. அப்பணிக்குரிய ஆட்களும் நிதியும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டால்தான் முதலீட்டின் முழுப் பயன் கிட்டும்.