மணியும் மே மாதமும்

எங்கள் மணி ஜாதி நாய் அல்ல. தாய் பொமரேனியன். தகப்பன் அஜ்னி ரயில்வே காலனியில் வளைய வந்த தெரு நாய்களில் ஏதோ ஒன்று. 2018-ல் நான் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, பக்கத்து வீட்டுக்காரர் பிரிவுபசாரப் பரிசாகக் குட்டியை என் மனைவி கையில் கொடுத்துவிட்டார். நம் ஊர் வழக்கப்படி மணி என்று பெயர் வைத்தோம். நாக்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். மராட்டியில் 'மனி' என்பது பூனைக்கு வைக்கும் பெயராம்!

ஓய்வு பெற்ற மனிதனும் ஒரு சின்ன நாயும் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் சேர்ந்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு பேரும் பெருத்தோம். நான் காபி குடிக்கும்போதெல்லாம் அதற்கு மேரி பிஸ்கட். மனைவி பூஜை முடித்து வந்தால் இன்னும் இரண்டு. எட்டு கிலோ இருக்கவேண்டிய நாய் பதினோரு கிலோ ஆயிற்று. கால்நடை டாக்டர் என்னைக் கணக்குப் போட வைத்தார். எட்டு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கலோரி. பத்து பிஸ்கட் கொடுத்தால் பாதி நாள் சாப்பாடு அதிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல்தான் தயிர் சாதம்! விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்படவேண்டும் என்றார். மணியின் விலாவில் தலையணைதான் தட்டுப்பட்டது.

பிஸ்கட்டைக் குறையுங்கள், நடக்க வையுங்கள் என்பது உத்தரவு. ரயில்வேக்காரன் அல்லவா, உடனே டைம்டேபிள் போட்டேன். பேப்பர் படித்து, டிபன் முடித்து, ஒன்பது மணிக்குப் புறப்பாடு. ஒரு மணி நேர நடை. குளிர்காலம் முழுவதும் பிரமாதமாக ஓடியது. மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று, நான் டைம்டேபிளை மாற்றவில்லை.

2022 மே மாதம் ஒரு நாள், திரும்பி வரும்போது பத்து மணி இருக்கும். மணி நடு வழியில் உட்கார்ந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்துச் சங்கிலியை இழுத்தேன். நாலடி வந்து மறுபடி உட்கார்ந்தது. மறுபடியும் இழுத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வீட்டு வாசலில் கால் பின்னி விழுந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். நாக்கு கருஞ்சிவப்பு, வாயில் கெட்டியாக எச்சில், கூப்பிட்டால் திரும்பவில்லை.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். உடம்புச் சூடு 106 டிகிரி. நாய்க்கு 101, 102 வரை சாதாரணம். 106 என்றால் உயிருக்கே ஆபத்து. இரண்டு நாள் குளுகோஸ் ஏறிற்று. முன் பாதங்களில் கொப்புளம். டாக்டர் கோபிக்கவில்லை. "ரோட்டில் கை வைத்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. டிப்ளமா முடித்து 1981-ல் பாதைப் பிரிவில் சேர்ந்தவன் நான். முப்பத்தேழு வருஷம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். காற்றில் 45 டிகிரி என்றால் தண்டவாளத்தில் 60-ஐத் தாண்டும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் சூட்டில் நெளிந்துவிடக்கூடாது என்று, கோடையில் தெர்மாமீட்டரை வைத்து அளந்து, தனியாக ரோந்து ஆள் அனுப்புவோம். இரும்புக்கு அவ்வளவு பார்த்தவன், செருப்பில்லாமல் என் பக்கத்தில் தார் ரோட்டில் நடந்த ஜீவனுக்குப் பார்க்கவில்லை. நான் கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம். நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். குட்டை நாய்க்கு வயிறு ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரம், அந்த அனல் வேறு. கொழுப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரோமத்தை மழித்தால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். மழிக்கக்கூடாது, அடர்ந்த ரோமம் வெயிலையும் தடுக்கிறது. சீவிவிட்டால் போதும்.

இப்போது கோடையில் காலை ஐந்து மணிக்கு இருபது நிமிஷம், இரவு எட்டரைக்கு மேல் இருபது நிமிஷம். கிளம்புமுன் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுவேன். பொறுக்க முடியாவிட்டால் மணிக்கும் பொறுக்காது. பார்க்கிறவர்கள் நான் பூமியைத் தொட்டுக் கும்பிடுவதாக நினைக்கிறார்கள்! வழியில் மோப்பம் பிடித்தால் நிற்கவிடுகிறேன். அதுவும் அதற்கு வேலைதான். உட்கார்ந்தால் இழுப்பதில்லை. கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை வாங்கினேன், சின்ன நாய்க்குத் தொண்டை நெரியாது. பகலில் மூன்று டம்ளரைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் சப்பாத்தித் துண்டை ஒளித்து வைப்போம். கண்டுபிடிக்கட்டும்.

எந்த நாய்க்காவது மணிக்கு வந்த நிலை வந்தால், உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், குழாய்த் தண்ணீரால் வயிறு, கால், உடம்பெல்லாம் நனைத்து, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். வாயில் பலவந்தமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மற்றபடி, மழை ஆரம்பித்ததும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்க்கவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் தவறக்கூடாது. நம் வீடுகளில் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது சாம்பார். வெங்காயம் நாய்க்கு ஆகாது. திராட்சையும் சாக்லேட்டும் விஷம். கேசரி கிளறினால் முந்திரியோடு திராட்சையும் கீழே விழுகிறதே!

போன மாதம் மணியின் எடை 8.4 கிலோ. ஒரு மேரி பிஸ்கட் மட்டும் இன்னும் நடக்கிறது. என் மனைவி அதை நாலாக உடைத்து நாள் முழுவதும் கொடுக்கிறாள். 25 கலோரிதானே என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.