திடலும் இருப்புப் பாதையும்

கல்லூரித் திடலில் ஓடிப் பரிசுகள் பல பெற்ற மாணவர், பட்டம் பெற்று வெளியேறும் நாளில் ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றார். பயிற்சியைத் தொடர்ந்தால் வருவாய் இல்லை. வேலைக்குச் சென்றால் பயிற்சிக்குப் பொழுது இல்லை. இதனால் திடலையே மறந்தவர் பலர். இச்சிக்கலுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக விடையளித்து வருவது இரயில்வேத் துறையாகும்.

இந்திய இரயில்வேயின் விளையாட்டுக் கழகம் 1928ஆம் ஆண்டில் தோன்றியது. இத்துறையில் விளையாட்டு வீரர்க்கெனச் சில பணியிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நாட்டின் சார்பில் ஆடியவர் மட்டுமன்றி, பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் போட்டிகளில் சிறந்த இடம் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் மட்டும் போதாது. தேர்வாளர் முன்னிலையில் ஆடியும் காட்டல் வேண்டும். தேர்வு பெற்றோர் எழுத்தராகவோ பயணச்சீட்டுப் பரிசோதகராகவோ பணியேற்கின்றனர். போட்டிக்கும் பயிற்சி முகாமுக்கும் செல்லுங்கால் அவர்களுக்குச் சிறப்பு விடுப்பு உண்டு, ஊதியம் நிற்பதில்லை.

மாதந்தோறும் வரும் அவ்வூதியத்தைச் சிறிதென எண்ணலாகாது. மற்போர் புரிபவர்க்கு நல்லுணவு வேண்டும். துப்பாக்கி சுடுபவர்க்குத் தோட்டா வேண்டும். கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த சுவப்னில் குசாளே 2015ஆம் ஆண்டில் மத்திய இரயில்வேயில் சேர்ந்தார். பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவாறே பல்லாண்டு பயின்று, 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைத் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். உரோத்தக் நகரில் உடற்கல்வி பயின்ற சாட்சி மாலிக்கோ பேருந்து நடத்துநர் ஒருவரின் மகள். வடக்கு இரயில்வேயின் ஊழியராக இருந்த அவர், 2016இல் இரியோ ஒலிம்பிக்கில் மற்போரில் வெண்கலம் பெற்றார்.

வேலையைத் துறந்து வென்றவரும் உளர். மகேந்திர சிங் தோனி 2001 முதல் 2003 வரை கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தார். பின்னர்க் கிரிக்கெட்டையே முழுமையாகப் பற்றினார். அத்துணிவு எல்லார்க்கும் பொருந்துவதன்று. ஒரு தோனி வென்றார் என்று உலகம் பேசுகிறது. வேலையை விட்டுத் தோற்றவரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

இனி, மறுபுறமும் ஒன்றுண்டு. ஓடுபவரின் கால்கள் முப்பது வயதை ஒட்டித் தளரத் தொடங்கும். பணியோ அறுபதாம் வயதில்தான் முடியும். இடையிலுள்ள முப்பது ஆண்டுகளை எவ்வாறு கழிப்பது? விளையாடிய காலத்திலேயே கட்டண விதிகளையும் அலுவலக நடைமுறைகளையும் கற்றுத் துறைத் தேர்வுகளை எழுதியவர் மேனிலை அடைகின்றார். ஊதியம் மட்டும் பெற்றுப் பணியைக் கல்லாதவர் தம் மேசைக்கே அயலாராகிவிடுகின்றார். இக்குறையைத் துறையின்மேல் சுமத்துவது முறையாகாது.

வேறு சிலர் பயிற்சியாளராகின்றனர். 1984ஆம் ஆண்டு இலாசு ஏஞ்சல்சு ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டால் வெண்கலத்தை இழந்தவர் பி. டி. உசா. தென்னக இரயில்வேயில் பணியாற்றிய அவர், 2002ஆம் ஆண்டில் கேரளத்துக் கொயிலாண்டியில் தடகளப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்குப் பயின்ற டிண்டு லூக்கா 2015ஆம் ஆண்டு ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவரும் தென்னக இரயில்வேயில் பணியேற்றவரே.