செம்புக் கம்பியும் செம்புக் குடமும்

டில்லியில் ஜனக்புரி என்று ஒரு பகுதி இருக்கிறது. நம் தமிழ் மக்கள் நிறையப் பேர் அங்கே வசிக்கிறார்கள். காலையில் மெட்ரோ ரயில் ஏறி வேலைக்குப் போவார்கள். அந்த ரயில் பாதைக்கு நீலப் பாதை என்று பெயர்.

2024 டிசம்பர் 5. அன்று நீலப் பாதை ரயில்கள் ஊர்ந்து ஊர்ந்து போயின. வேலைக்குப் போகிறவர்கள் தவித்தார்கள். என்ன நடந்தது? மோதி நகருக்கும் கீர்த்தி நகருக்கும் நடுவில் யாரோ கேபிளைத் திருடிவிட்டார்கள்.

பணம் திருடுவார்கள், நகை திருடுவார்கள். கேபிளை ஏன் திருட வேண்டும்? அதற்குள் இருக்கும் செம்புக்காகத்தான். பழைய இரும்பை எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிடச் செம்புக்குப் பல மடங்கு பணம் கிடைக்கும்.

செம்பைத் தாமிரம் என்றும் சொல்வோம். அது ஒரு தனிமம். அதாவது, பல பொருள்கள் சேர்ந்து உண்டானது அல்ல. தங்கம், வெள்ளி, இரும்பு எல்லாம் இப்படித்தான். பித்தளை தனிமம் இல்லை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம்.

மின்சாரம் செம்பு வழியாக மிக எளிதாக ஓடும். வெள்ளி ஒன்றுதான் இதில் செம்பை மிஞ்சும். ஆனால் வெள்ளியில் கம்பி இழுத்து வீட்டுக்கு வீடு கொடுக்க முடியுமா? அதனால் மின்விசிறி, மோட்டார், மிக்சி எல்லாவற்றிலும் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறார்கள்.

இந்தச் செம்பு எங்கிருந்து வருகிறது? பூமிக்குள்ளிருந்துதான். டில்லிக்குத் தென்மேற்கே ராஜஸ்தானில் கேத்ரி என்ற ஊர் உள்ளது. அங்கே செம்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்து மக்கள் 4000 ஆண்டுகளுக்கு முன்பே செம்பை உருக்கி அம்பு முனைகள் செய்தார்கள். செம்பு உருக 1,085 டிகிரி சூடு வேண்டும். அடுப்புத் தீ போதாது. உலை மூட்டி, ஊதி ஊதிச் சூடேற்ற வேண்டும். அந்தக் காலத்திலேயே இதைக் கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான்! நூறு கிலோ பாறையை உடைத்தால் ஒரு கிலோ செம்பு கிடைக்கலாம். அவ்வளவு கிடைத்தாலே அது நல்ல பாறை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாம் தண்ணீர் மொள்ளும் பாத்திரத்துக்கே செம்பு என்று பெயர். இன்று எவர்சில்வரில் செய்தாலும் அதைச் செம்பு என்றுதான் சொல்கிறோம். பிளாஸ்டிக் செம்புகூட வந்துவிட்டது!

செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்று பாட்டிமார் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து, அதைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கிருமிகள் செத்துப்போயின. 2012-இல் இந்த ஆய்வு வெளியானது. 16 மணி நேரம் என்றால் இன்று மாலை 4 மணிக்கு ஊற்றி வைத்து, நாளைக் காலை 8 மணிக்குக் குடிப்பது. ஊற்றிய உடனே குடித்தால் பயன் இல்லை. தண்ணீரில் உப்போ புளோரைடோ இருந்தால் செம்பு அதை நீக்காது.

நம் உடம்புக்கும் செம்பு தேவை. ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் போதும். ரத்தம் ஊற அது உதவுகிறது. எள், பயறு, முந்திரி இவற்றிலேயே அது இருக்கிறது. இதற்காகத் தனியாக எதுவும் சாப்பிட வேண்டியதில்லை.

அளவு மிஞ்சினால்தான் ஆபத்து. அது எப்படி மிஞ்சும்? கறுத்துப்போன செம்புக் குடத்தை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளி. தேய்த்ததும் குடம் பளபளக்கிறது. மேலே படிந்த கறையைப் புளிப்பு கரைத்துவிடுகிறது. கரைந்தது தண்ணீரோடு போய்விடுகிறது. இதே புளியைக் குழம்பாகக் கரைத்துச் செம்புப் பாத்திரத்தில் வைத்தால் என்ன ஆகும்? செம்பு கரைந்து குழம்பில் இறங்கும். மோரும் எலுமிச்சம் சாறும் ஊறுகாயும் இதையே செய்யும். பித்தளைப் பாத்திரத்திலும் இப்படி நடக்கும். பச்சையாகக் களிம்பு ஏறும். அதைச் சாப்பிட்டால் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, பேதி வரும். குழந்தைகள் துவண்டு போவார்கள்.

இதற்காகத்தான் பாத்திரத்தின் உள்ளே ஈயம் பூசினார்கள். தெருவில் துருத்தி வைத்து ஈயம் பூசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். பூச்சு தேய்ந்து உள்ளே சிவப்பு தெரிகிறதா? அதில் சமைக்காதீர்கள். மறுபடி பூசிய பிறகு சமையுங்கள். பூசக் கொடுக்கும்போது, "வெள்ளீயம்தானே?" என்று கேளுங்கள். காரீயம் வேறு. அது விஷம். பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்.

கம்பியிலும் ஓர் ஆபத்து உண்டு. ஜனக்புரிக்குப் பக்கத்தில் மாயாபுரி இருக்கிறது. அது பழைய சாமான்கள் வாங்கி விற்கும் பெரிய இடம். அங்கே மட்டுமல்ல, எந்த ஊரிலும் பழைய சாமான் பொறுக்குகிறவர்களில் சிலர் ஒயரைக் குவித்துக் கொளுத்துவார்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் எரிந்துபோகும், செம்பு மிஞ்சும். ஆனால் அந்தப் புகையில் காரீயமும் வேறு பல விஷங்களும் இருக்கும். பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் அது போகும். ஒயரைக் கத்தியால் கீறி உரித்துவிடலாம். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் எரித்த கம்பி கறுத்துவிடும், கடையில் விலையைக் குறைப்பார்கள். உரித்தெடுத்த சிவப்புக் கம்பிக்குத்தான் நல்ல விலை.